குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' நாவலிலிருந்து எங்கே பிரிகிறது?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' (1963), எட் மெக்பெயின் எழுதிய 'கிங்ஸ் ரான்சம்' என்ற அமெரிக்கத் துப்பறியும் நாவலைத் தழுவிய படம். நாவலைப் படித்து, படத்தையும் பார்த்த ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஆள் மாறிப் பிள்ளையைக் கடத்தும் கதை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்போது குரோசாவா புதிதாகச் செய்தது என்ன? படத்தின் முதல் ஒரு மணி நேரத்தை ஏன் குன்றின் மேலுள்ள வீடொன்றின் ஒரே கூடத்துக்குள் அடைத்து வைத்தார்? இரண்டுக்கும் விடை ஒன்றே என்பது என் கருத்து. நாவல் கடைசிவரை இழுத்துச் செல்லும் கேள்வியைப் படம் பாதியிலேயே தீர்த்துவிட்டு, அதன்பின் அந்த வீட்டைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கத் தொடங்குகிறது. அப்படி அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், நாம் சிறிது நேரம் மேலே உட்கார்ந்து கீழே பார்த்திருக்க வேண்டும். (கதை முழுவதையும் தொடாமல் இதை விளக்க முடியாது என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.)

எட் மெக்பெயின் என்பது ஈவான் ஹன்டரின் புனைபெயர். 1926-இல் சால்வடோர் லாம்பினோவாக நியூயார்க்கில் பிறந்து, 1952-இல் சட்டப்படி ஈவான் ஹன்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். 'கிங்ஸ் ரான்சம்' வெளிவந்தது 1959-இல். 1956 முதல் அவர் எழுதி வந்த 87-ஆவது காவல் சரகத் தொடரில் அது பத்தாவது நாவல். தனியொரு துப்பறியும் நிபுணரின் மூளையை நம்பாமல், ஒரு காவல் நிலையத்தின் அன்றாட உழைப்பையே கதையின் முதுகெலும்பாக வைத்ததுதான் அந்தத் தொடரின் தனித்தன்மை. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் இதே ஈவான் ஹன்டர்தான். அந்தப் படமும் 1963-இல்தான் வந்தது. ஒரே ஆண்டில் ஒருவருடைய திரைக்கதை ஹிட்ச்காக்கிடமும், அவருடைய நாவல் குரோசாவாவிடமும் படமானது என்பது எந்த எழுத்தாளருக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று.

நாவலின் மையம் மிகச் சுருக்கமானது. டக்ளஸ் கிங் என்பவர் காலணி நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரி. நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவரப் பங்குகளை வாங்குவதற்காக, உள்ளதையெல்லாம் திரட்டி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய மகனைக் கடத்திவிட்டதாகத் தொலைபேசி வருகிறது. ஆனால் கடத்தப்பட்டவன் அவருடைய கார் ஓட்டுநரின் மகன். எவன் பிள்ளையாக இருந்தாலும் பணம் தந்தாக வேண்டும் என்கிறார்கள் கடத்தியவர்கள். தன் பிள்ளைக்காக ஒருவன் சொத்தையெல்லாம் கொடுப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரான் பிள்ளைக்காகக் கொடுப்பானா என்ற இந்த ஒரு முடிச்சுதான் நாவலின் முழு மூலதனம். குரோசாவா கடன் வாங்கியதும் அடிப்படையில் இதைத்தான்.

கிங் தர மறுக்கிறார். மனைவி மன்றாடுகிறாள், ஓட்டுநர் கெஞ்சுகிறார், காவலர்கள் முகம் சுளிக்கிறார்கள், அவர் அசைவதில்லை. கடத்தல்காரர்களின் பக்கத்தையும் மெக்பெயின் மாறி மாறிக் காட்டிக்கொண்டே போகிறார். எடி, அவன் மனைவி கேத்தி, சை என மூன்று பேர். அவர்களுக்குள் சண்டை, சந்தேகம், கேத்தியின் மனச்சாட்சி. பணம் கைமாறாமலேயே விவகாரம் முடிகிறது. விறுவிறுப்பான நாவல்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் "தருவாரா, மாட்டாரா" என்ற ஒரே கயிற்றில் நடப்பதால், விடை தெரிந்தபின் அதை மறுபடி எடுத்துப் படிக்கத் தோன்றுவதில்லை.

படத்தில் கிங்கின் இடத்தில் இருப்பவர் யோகோஹாமாவில் குன்றின் மேல் வீடு கட்டியிருக்கும் கொண்டோ. நடித்தவர் தோஷிரோ மிஃபுனே. பங்குகளுக்காக வீட்டையும் அடமானம் வைத்து அவர் திரட்டியது 5 கோடி யென். கடத்தியவன் கேட்பது 3 கோடி. முதல் இரவு அவரும் மறுக்கத்தான் செய்கிறார். வசதியான குடும்பத்தில் பிறந்த மனைவி ரெய்கோ கொடுத்துவிடச் சொல்லும்போது, வறுமை என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது என்கிறார். மறுநாள் நிலைமை மாறுகிறது. பணத்தோடு ஒசாகா செல்ல வேண்டிய அவருடைய வலக்கை கவனிஷி எதிரணிக்கு விலை போய்விட்டது தெரிய வருகிறது. காலில் விழுந்து கெஞ்சிய ஓட்டுநர் அவோகியோ, இப்போது கொடுக்க வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டு நிற்கிறார். எவரும் வற்புறுத்தாத அந்த நிலையில்தான் கொண்டோ கொடுக்க முடிவு செய்கிறார். மனமாற்றத்துக்கு ஒரு வீர வசனமும் இல்லை.

இந்த முடிவு படத்தின் இறுதியில் வந்திருந்தால் நல்லவர் ஒருவரின் தியாகக் கதையாக அது முடிந்திருக்கும். மொத்தம் 143 நிமிடப் படத்தில் முதல் மணி நேரம் முடியும் தறுவாயிலேயே அது வந்துவிடுவதால், தியாகம் செய்தபின் உலகம் என்ன செய்கிறது என்பதற்கு இன்னும் பாதிப் படம் மிச்சமிருக்கிறது. பையன் உயிரோடு திரும்புகிறான், நாளிதழ்கள் கொண்டோவைப் புகழ்கின்றன, பொதுமக்கள் அவரை வெளியேற்றிய நிறுவனத்தின் காலணிகளைப் புறக்கணிக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் மட்டும் தவணைத் தேதியை ஒரு நாளும் தள்ளிப்போடுவதில்லை.

இனி அந்தக் கூடத்துக்கு வருவோம். தலைப்பெழுத்துகள் ஓடும்போதே உயரத்திலிருந்து யோகோஹாமா நகரத்தைப் பார்க்கிறோம். பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்த வீட்டை விட்டு நகர்வதில்லை. நாடகம் போல் இருக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள். நாடக மேடையில் இது முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட காமிராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நீண்ட காட்சிகளை முறிக்காமல் நடிக்கவைத்துப் பதிவு செய்வது குரோசாவா முன்பே கைக்கொண்டிருந்த முறை. அகலத்திரையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது யார் யாரைப் பார்க்கவில்லை என்பதே செய்தியாகிவிடுகிறது. கொண்டோ நடுவில் நின்று பேசுகிறார். ஓட்டுநர் ஓரத்தில், முதுகு வளைந்து, கம்பளத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அவரை எவரும் வெளியே போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அவருடைய மகனின் உயிருக்கு விலை பேசப்படுகிறது. அவருக்கு அந்தப் பேச்சில் இடமில்லை. இதை வசனமாக எழுதியிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

திரைச்சீலைகளையும் கவனிக்க வேண்டும். கடத்தியவனுடைய கண்ணில் படாமலிருக்கக் காவலர்கள் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருக்கிறார்கள். தொலைபேசியில் வரும் குரல் அதைத் திறக்கச் சொல்கிறது. திறந்த கணத்தில், படிப்பும் பதவியும் உள்ள துப்பறியும் அதிகாரிகள் அத்தனை பேரும் தரையில் விழுந்து படுத்துக்கொள்கிறார்கள். சிரிப்பு வரும் காட்சிதான். ஆனால் நகரத்தையே ஆள்வது போல் இருந்த அந்தப் பெரிய கண்ணாடிச் சன்னல், ஒரு கணத்தில் வீட்டிலிருப்பவர்களைக் காட்சிப்பொருளாக்கிவிடுகிறது. கீழே வெக்கையில் வேகிறோம், உங்களுக்கென்ன, குளிர்சாதன வசதி இருக்கிறது என்ற பொருளில் அந்தக் குரல் பேசுகிறது. மேலிருந்து பார்ப்பவர்கள் கீழிருந்து பார்க்கப்படுகிறார்கள் என்பதைப் படம் முதலில் சொல்லும் இடம் இதுதான்.

பணத்தை வைக்கப் பைகள் தயாராகும் காட்சி எனக்கு மிகப் பிடித்தது. பணத்தை எடுத்துக்கொண்டு கடத்தியவன் பையை எரித்தாலோ தண்ணீரில் போட்டாலோ அடையாளம் காட்டிக்கொடுக்கும் இரசாயனப் பொட்டலங்களைப் பைக்குள் மறைத்துத் தைக்க வேண்டும். அதிகாரிகள் தடுமாறுகிறார்கள். கொண்டோ எழுந்து போய்ப் பழைய கருவிப் பெட்டியொன்றைக் கொண்டுவருகிறார். செருப்புத் தைக்கும் பயிற்சிப் பையனாக இருந்த காலத்துப் பெட்டி அது. கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தோலைப் பிளந்து, பொட்டலத்தைச் செருகித் தைக்கிறார். படத்தின் தொடக்கத்தில் இதே மனிதர், சக அதிகாரிகள் கொண்டுவந்த மட்டமான மாதிரிக் காலணியைக் கையாலேயே பிய்த்துப் போட்டது நமக்கு நினைவிருக்கிறது. தன்னை அழிக்கப் போகும் பைக்குத் தானே தையல் போடும்போதுதான் அவர் முகத்தில் முதன்முதலாக அமைதி தெரிகிறது. சுற்றி நிற்கும் காவலர்கள் அதன்பிறகு அவரைப் பார்க்கும் விதமே வேறு. கிங் நாவலில் பணம் தராததால் இப்படியொரு காட்சிக்கு அங்கே வழியே இல்லை.

அதன்பின் ஒரே வெட்டில் ரயில். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடிய கொடாமா விரைவு ரயில் அது. சன்னல்கள் திறக்க முடியாதவை. 7 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத பைகளை அவன் ஏன் கேட்டான் என்பது ரயிலுக்குள் தொலைபேசி வந்தபின்தான் புரிகிறது. கழிவறைச் சன்னல் மட்டும் 7 சென்டிமீட்டர் திறக்கும். சகாவா ஆற்றுப் பாலத்தின் ஒரு முனையில் பையன் நிற்பான், பார்த்துக்கொள். பாலத்தைத் தாண்டியதும் பையை வெளியே போடு. உண்மையான ரயிலில், ஓடும்போதே பல காமிராக்களை வைத்து எடுத்த காட்சி அது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த நமக்கு அந்தச் சில நிமிடங்களின் வேகம் மூச்சை அடைக்கிறது. கூடத்தில் நம்மை உட்கார வைத்ததன் பலன்களில் இதுவும் ஒன்று.

பையன் மீட்கப்பட்ட கையோடு, சேரிப் பகுதியின் சாக்கடைக் கால்வாயோரம் நடந்து செல்லும் இளைஞன் ஒருவனைப் படம் காட்டுகிறது. தண்ணீரில் அவன் நிழல் தலைகீழாகத் தெரிகிறது. அவன் தன் அறைக்குள் போய் நாளிதழைப் பிரிக்கிறான். சன்னலுக்கு வெளியே, மேலே, கொண்டோவின் வீடு. இங்கிருந்துதான் படத்தின் இரண்டாம் பாதி. ஜப்பானிய மூலத் தலைப்பின் பொருள் 'சொர்க்கமும் நரகமும்'. ஆங்கிலத் தலைப்பு அதை 'மேடும் பள்ளமும்' என்று இறக்கி வைத்தது, அதுவும் பொருத்தமற்றதன்று. நமக்கு 'மேட்டுக்குடி' என்ற சொல் பழகிப்போனதால் அதிலுள்ள மேடு காதில் விழுவதில்லை. 'அவலா கொன்றோ மிசையா கொன்றோ' என்று பள்ளத்தையும் மேட்டையும் சேர்த்துச் சொன்ன புறநானூற்று ஔவை, எங்கே மனிதர் நல்லவரோ அங்கே நிலமும் நல்லது என்றார். குரோசாவா அந்த வரிக்கு எதிர்த்திசையில் நின்று, நிலத்தின் மேடு பள்ளம் மனிதரை என்ன செய்கிறது என்று கேட்கிறார்.

மெக்பெயினுக்குக் குரோசாவா உண்மையாக இருந்த இடம் புலனாய்வு. ஆய்வாளர் தோகுராவாகத் தத்சுயா நகாடாய் நடித்திருக்கிறார். ஆனால் கதாநாயகன் அவர் அல்லர், அந்தக் காவல் நிலையம்தான். புழுங்கும் கூடத்தில் விசிறியும் கைக்குட்டையுமாக அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தாங்கள் அலைந்ததை அறிக்கையாகச் சொல்லும் நீண்ட காட்சி, 87-ஆவது சரகத்தின் உணர்வை நாவலைவிடவும் நன்றாகப் பிடிக்கிறது. அந்த வீடு தெரியக்கூடிய பொதுத் தொலைபேசிக் கூண்டுகள் எவையெவை என்று ஒருவர் தேடியிருக்கிறார். தொலைபேசிப் பதிவின் பின்னணியில் கேட்கும் ரயில் ஓசையை எனோடென் என்ற கடலோரச் சிறு ரயிலினுடையது என்று ரயில்வே ஊழியர் ஒருவர் காதாலேயே அடையாளம் சொல்கிறார். பையன் வரைந்த படத்தில் கடலும் ஃபூஜி மலையும் இருக்கின்றன. குற்றவுணர்வு தாங்காத ஓட்டுநர், எவரிடமும் சொல்லாமல் மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு, அவனை அடைத்து வைத்திருந்த வீட்டைத் தேடி அலைகிறார்.

பிறகு அந்தப் புகை. கறுப்பு வெள்ளைப் படத்தில், நகரத்தின் புகைபோக்கி ஒன்றிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில் புகை எழுகிறது. கொண்டோ தைத்த பொட்டலம் எரிகிறது. படம் முழுவதிலும் வண்ணம் இருப்பது இந்த ஒரு இடத்தில் மட்டுமே. இதைத் தொழில்நுட்ப வித்தை என்று மட்டும் வியப்பவர்கள், அது மேலே உள்ள அந்த வீட்டிலிருந்து பார்க்கும் கோணத்தில் தெரிகிறது என்பதைத் தவறவிடுகிறார்கள். இதுவரை கொண்டோ வீட்டாருக்குக் கீழே இருந்தது ஒரு நகரம், அவ்வளவுதான். இப்போது முதன்முறையாக அங்கே குறிப்பிட்ட ஓர் இடம் தெரிகிறது. அது ஒரு மருத்துவமனையின் எரியுலை. அங்கே பயிற்சி மருத்துவனாக இருப்பவன்தான் தாகேயுச்சி.

நாவலின் மூன்று கடத்தல்காரர்களுக்குப் பதிலாகக் குரோசாவா ஒருவனையே முன்னிறுத்தியதற்கும் இதே காரணம்தான். மெக்பெயின் அவர்களைத் தொடக்கத்திலேயே நமக்கு அறிமுகப்படுத்திவிடுவதால் பாதியிலேயே அவர்கள் மீது ஒருவிதப் பழக்கம் வந்துவிடுகிறது. தாகேயுச்சி முதல் மணி நேரம் முழுவதும் வெறும் குரல். மேட்டிலிருப்பவர்களுக்குப் பள்ளத்திலிருப்பவன் அப்படித்தான் இருப்பான். படித்தவன், சில ஆண்டுகளில் மருத்துவனாகிக் குன்றேறியிருக்கக்கூடியவன் அவன். பசியால் திருடியவனாக அவனைக் காட்டியிருந்தால் நாம் எளிதாக இரக்கப்பட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம்.

இங்கே சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் படத்தின் மிகச் சங்கடமான திருப்பம் அதிலிருந்துதான் வருகிறது. அன்றைய ஜப்பானியச் சட்டத்தில் பணத்துக்காக ஆள் கடத்துவதற்கான தண்டனை போதாது என்ற கோபம் குரோசாவாவுக்கு இருந்தது. படத்தில் தோகுராவும் அதே கோபத்தோடு, இப்போது பிடித்தால் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவான் என்று கணக்குப் போடுகிறார். தாகேயுச்சி தன் கூட்டாளிகளான போதை அடிமைத் தம்பதியைக் கலப்படமற்ற ஹெராயின் கொடுத்துக் கொன்றிருக்கிறான். அவர்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக அவனை நம்பவைத்து, மீண்டும் கொல்ல முயலும்போது கையும் களவுமாகப் பிடித்தால் தூக்கு நிச்சயம் என்பது தோகுராவின் திட்டம். காவலர்கள் பின்தொடர, தாகேயுச்சி கொகானெச்சோ என்ற போதைச் சந்துக்குப் போய், வாங்கிய ஹெராயினின் வீரியத்தை அங்கே துடித்துக்கொண்டிருக்கும் பெண் ஒருத்திமேல் சோதித்துப் பார்க்கிறான். அவள் இறந்துபோகிறாள்.

கொண்டோவுக்கு நீதி வாங்கித்தரக் காவல்துறை விரித்த வலைக்கு ஒரு ஏழைப் பெண்ணின் உயிர் விலையாகிறது. ஒருவருடைய பிள்ளைக்கும் இன்னொருவருடைய பிள்ளைக்கும் உயிரில் வேறுபாடு உண்டா என்று ஒரு மணி நேரம் விவாதித்த படம் இது. அந்தப் பெண்ணுக்காக இங்கே எவரும் அப்படி நின்று விவாதிப்பதில்லை. குரோசாவா இதை வேண்டுமென்றே வைத்தாரா, தன் கோபத்தில் கவனியாது விட்டாரா என்று விமரிசகர்கள் இரு பக்கமும் பேசலாம். அடுத்த காட்சிகளில் தோகுராவின் முகத்தில் பெரிதாக எந்த உறுத்தலும் இல்லாததால், இரண்டாவதையே நான் நம்புகிறேன். போதைச் சந்தில் மனிதர்களைப் பேய்களைப் போல் ஊர்ந்து வரவைத்திருப்பதும் மிகை. படத்தில் எனக்கு ஒவ்வாத பகுதி அது ஒன்றுதான்.

சட்டத்தின் கதை திரைக்கு வெளியேயும் தொடர்ந்தது. படம் 1963 மார்ச் 1 அன்று வெளியானது. அதே மாதம் 31-ஆம் தேதி டோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்திக் கொல்லப்பட்டான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிடிபட்ட குற்றவாளி, இந்தப் படத்தின் முன்னோட்டம் தனக்கு யோசனை கொடுத்ததாகச் சொன்னான். 1964-இல் ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தில் பணத்துக்காக ஆள் கடத்தலுக்கெனத் தனிப் பிரிவு சேர்ந்து, ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளித்தது. குற்றத்தைக் கண்டித்து எடுத்த படம் குற்றத்துக்கும் வழிகாட்டியது என்பது குரோசாவாவுக்கு எத்தனை கசப்பாக இருந்திருக்கும்!

மேடும் பள்ளமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் இரண்டுதான். முதலாவது தெருவில். காவலர்கள் மாறுவேடத்தில் தாகேயுச்சியைப் பின்தொடரும்போது, காலணிக் கடையின் கண்ணாடி முன் கொண்டோ தற்செயலாக நின்றுகொண்டிருக்கிறார். தாகேயுச்சி அவரிடம் போய்ச் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்கிறான். அவனை யாரென்று அறியாத கொண்டோ கொடுக்கிறார். பற்றவைத்துக்கொண்டு போய்விடுகிறான். கடத்தியவனுக்கு அவரைத் தெரியும், அவருக்கு அவனைத் தெரியாது என்ற முதல் மணி நேரத்தின் நிலை இரண்டு முழ தூரத்தில், சமதரையில் ஒருமுறை நிகழ்ந்து முடிகிறது.

இரண்டாவது, சிறையில். மீட்ட பணம் வரும் முன்பே வீடு கைவிட்டுப் போய்விட்டது. கொண்டோ இப்போது சிறிய காலணி நிறுவனமொன்றை நடத்துகிறார். தூக்கை எதிர்நோக்கும் தாகேயுச்சி, பாதிரியார் வேண்டாம், கொண்டோவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். நடுவில் கண்ணாடியும் கம்பிவலையும். ஒருவர் பேசும்போது மற்றவருடைய முகம் கண்ணாடியில் நிழலாடி, இரண்டு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. நீயும் நானும் ஏன் ஒருவரையொருவர் வெறுக்க வேண்டும் என்று கொண்டோ கேட்கிறார். குளிர்காலத்தில் குளிரிலும் கோடையில் வெக்கையிலும் உறங்க முடியாத தன் அறையிலிருந்து பார்த்தால் அவருடைய வீடு சொர்க்கமாகத் தெரிந்தது என்கிறான் அவன். பயமில்லை என்று சொல்லும்போதே கைகள் நடுங்குகின்றன. எழுந்து கம்பிவலையைப் பற்றிக்கொண்டு அலறுகிறான். காவலர்கள் இழுத்துச் செல்கிறார்கள், இரும்புக் கதவு சரேலென்று கீழிறங்குகிறது.

இதற்குப் பின்னால் கொண்டோவும் தோகுராவும் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியையும் குரோசாவா படமாக்கியிருந்தார். தாகேயுச்சியாக நடித்த த்சுதோமு யமசாகியின் அந்த அலறலைப் பார்த்தபின் அதை வெட்டிவிட்டார். ஆகவே நமக்குக் கிடைப்பது மூடிய இரும்புக் கதவும், அதன் முன்னால் கண்ணாடியில் தன் நிழலோடு உட்கார்ந்திருக்கும் கொண்டோவின் முதுகும்தான். முதல் மணி நேரம் முழுவதும் அவருக்கு முன்னால் ஒரு சன்னலும் சன்னலுக்கு அப்பால் ஒரு நகரமும் இருந்தன.